அத்தை அறைக்குப் போன ரவுட்டர்

அன்புள்ள ஓபெங்,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். உடம்புக்கு முடியாதவன் கடையில் நின்று முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருக்க மாட்டான். அந்த முட்டைக்கோஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் வரலாறு. சென்ற ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த கையோடு, குமாசியில் பழைய தாஃபோ வீட்டு முற்றத்தில் உன் அப்பாவின் குலம் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வந்தன. குலத் தலைவர் ஜிமா பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, முன்னோர்களைப் பெயர் பெயராக அழைத்து, மண்ணில் ஜின் ஊற்றி, நல்ல புத்தி கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். பிறகு நெடுநேரம் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவில், நீ ஹாம்பர்க்கிலிருந்து அனுப்பிய ரவுட்டர் இனிமேல் உன் கொனாடு அத்தையின் அறையில், துணி அலமாரியின் மேல், பிளாஸ்டிக் ரோஜாப்பூ ஜாடிக்கு இடதுபுறமாக இருக்கும் என்று தீர்மானிக்கப்பட்டது. வலதுபுறம் என்று வாதாடிய ஒரு தரப்பும் இருந்தது. அந்தப் பக்கம் ஜன்னல், மழைச்சாரல் அடிக்கும் என்று எடுத்துச் சொன்னதும் அத்தரப்பு கண்ணியமாகப் பின்வாங்கியது. என் வேலைக்காலம் முழுவதும் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவள் நான். வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்கள்கூடத் தங்கள் வழக்கின் தீர்ப்பை இவ்வளவு அமைதியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நான் அனுப்பும் குரல் செய்திகளை நீ இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் ஊருக்கு வரும் போதகரின் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரிக்காமல் கொண்டுவந்து தருவார் என்று நம்புகிறேன், பிரித்தாலும் படித்துப் பயன் பெறட்டும். உறையின் பின்பக்கம் குமாசிக்குப் பதிலாக மாம்போங் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியிருப்பாய். அதற்கும் வருகிறேன். அவசரப்படாதே, இவ்வளவும் அவசரத்தால் வந்ததுதான்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. தெரிந்தவன் நடந்துகொள்கிற மாதிரி நீ நடக்கவில்லை. பழைய தாஃபோ வீட்டைக் கட்டியவர் உன் அப்பா இல்லை, அவருடைய தாய்மாமன். நம்மில் ஒருவன் கட்டிய வீடு அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அப்படித்தான் உன் அப்பாவும் உன் கொனாடு அத்தையும் அந்த வீட்டுக்கு உரியவர்கள் ஆனார்கள். உன் அப்பாவுக்கு வாசலைப் பார்த்த முன்னறைகள் இரண்டும், உன் அத்தைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையும் கிடைத்ததற்குக் காரணம் அவர் ஆம்பிளை என்பதுதான், வேறெதுவும் இல்லை, அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. பிள்ளை தாயின் குலம் என்பதால் நானும் நீயும் அவர்களுக்கு வேறு குலம். உன் அப்பா போன பிறகு அந்த முன்னறைகளில் நான் எந்த உரிமையில் இருந்தேன் என்று கேட்டால், யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்த உரிமையில். ஒரு வருஷம் கருப்பு உடுத்திக்கொண்டு இருக்க வேண்டும். வருஷம் முடிகிற நாளில் குலம் கூடும், நான் கருப்பைக் கழற்றி வெள்ளை உடுத்துவேன், குலத் தலைவர் செத்தவரின் சகோதரியைப் பார்த்து நம் பெண்டாட்டியை என்ன செய்வது என்று கேட்பார், அவள் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்வாள். அந்த ஒரு வார்த்தை சபையில் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு என்னை அந்த வீட்டிலிருந்து தூக்க மரணத்தால்தான் முடியும். சொல்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நான் வைத்த பனங்கொட்டைச் சூப்பைக் குடித்துக்கொண்டே அவளே சொன்னாள், எங்க போகப்போற பெண்டாட்டி, இங்கயே கெட, உன் சூப்ப விட்டா எனக்கு யாரு இருக்கா என்று. புருஷனின் சகோதரிக்கும் நாம் பெண்டாட்டிதான் என்பது நம் வழக்கம், கூப்பிட்டால் ஏன் என்று கேட்டாக வேண்டும், கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த வருஷம் முழுவதும் வாரம் தவறாமல் சூப் போனது. அதற்கு நடுவில்தான் உன் பெட்டி வந்தது.

அம்மாவுக்கு நேரம் போகாது, வீட்டுக்கு நெட் போட்டுக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தாய். நான் கேட்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். கம்பெனி ஆட்கள் வந்து கூடம் வரை ஒரு கம்பியை இழுத்துவிட்டு ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். அது போதாது, அதற்குப் பின்னால் இதை மாட்டினால்தான் வீடு முழுக்கப் பங்கு பிரிக்கலாம் என்று நாலு கொம்போடு இன்னொரு பெட்டியை நீ அனுப்பினாய். கொனாடு அத்தை அதைப் பார்த்துவிட்டு, என்ன பெண்டாட்டி, செத்த நண்டு மாதிரி மல்லாந்து கெடக்கு என்றாள். பிறகு நீ ஃபோனில் முகத்தைக் காட்டிக்கொண்டு என்னை மேசைக்கு அடியில் தவழவிட்டாய். மஞ்சள் ஓட்டை இல்லம்மா, நீல ஓட்டை, நீலம்னா தெரியும்ல என்று கத்தினாய், உனக்கு நீலம் எது என்று சொல்லிக்கொடுத்தவளிடம். முழங்கால் தேய்ந்தவளைத் தரையில் உட்காரவைத்துவிட்டுப் பாடம் எடுத்தாய். கம்பெனிக்காரன் வீட்டுக்கு ஒரே ஒரு எண்தான்மா குடுப்பான், உள்ள இருக்கற ஃபோன் டிவி எல்லாத்துக்கும் இந்தப் பெட்டி தனித்தனியா ஒரு எண் குடுக்கும், வெளியிலேர்ந்து பாத்தா ஒரே வீடுதான் தெரியும், உள்ள யார் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது என்றாய். நான் உடனே புரிந்துகொண்டேன் என்று ஆச்சரியப்பட்டாய். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உன் அப்பாவின் குலம் கம்பி இழுக்காமலே இதைப் பல தலைமுறையாகச் செய்துவருகிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், வீட்டுக்குள்ள ரெண்டு வலையாப் பிரிக்கப்போறேன்மா என்றாய். ஒண்ணு நமக்கு, டிவி, நீ சபைக் கடிதம் அடிக்கற பிரிண்டர் எல்லாம் அதுல இருக்கும், இன்னொண்ணு கெஸ்டுக்கு, அதுல இருக்கறவங்க வெளிய எங்க வேணும்னாலும் போயிட்டு வரலாம், ஆனா நம்ம சாமான் எதையும் பாக்க முடியாது என்றாய். யாருடா நம் வீட்டில் கெஸ்ட் என்று கேட்டேன். அத்தையும் ஃபிரேமாவும் என்றாய். ஃபிரேமா கண்ட கண்ட லிங்க்க அழுத்துவா, அவ ஃபோன்லேர்ந்து எதாவது நம்ம பக்கம் தொத்திக்கும் என்றாய். உன் அத்தை மகள் அழுத்துவாள்தான், அதை நான் மறுக்கவில்லை, பரிசு விழுந்திருக்கிறது என்று வந்தால் பரிசு கொடுப்பவனுக்கு நன்றி எழுதுகிற பெண் அவள். இருந்தாலும் இது சரியாக வராது என்று சொன்னேன். யாருக்கும்மா தெரியப்போகுது என்றாய். ஒன்றுக்கு அம்போன்சா வீடு என்று உன் அப்பாவின் பெயரில் பெயர் வைத்தாய், இன்னொன்றுக்கு அம்போன்சா விருந்தினர் என்று வைத்தாய். விருந்தினர் பக்கத்துக்கு வேகத்தையும் சுருக்கினாய், கொஞ்சமாக் குடுத்தாத்தான் மிச்சம் நமக்கு இருக்கும் என்று. இரண்டு முறை ஆட்சேபித்தேன். ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது.

அத்தை அந்தப் பெயரைக் கவனிக்கவில்லை, ஃபோனின் மூலையில் வளைவு வளைவாக ஏதாவது வந்தால் அவளுக்குப் போதும். ஃபிரேமாதான் முதலில் அவதிப்பட்டாள். அவள் மாலையில் முற்றத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஃபோன் முன்னால் நின்று துணி விற்கிறாள் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கரையப் பாருங்க மேடம், கைய வெச்சா விடமாட்டீங்க என்று சொல்லும்போதே வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாளாம், பார்க்கிறவர்களுக்கு. தக்கோராடியிலிருந்து ஒரு அம்மாள் பாவம் இந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது, எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதிவிட்டாள், அன்று ஜெபம் பண்ணியவர்கள் அதிகம், துணி வாங்கியவர்கள் இல்லை. மாமி, உங்க ஜன்னல் பக்கத்துல வந்து நின்னா நல்லா ஓடுமா என்று கேட்டாள். நில்லேன் என்றேன். நின்றாள், அங்கேயும் உறைந்துதான் போனாள். நான் உன்னிடம் சொன்னேன், கொஞ்சம் திறந்துவிடு என்று. அப்புறம் பாக்கலாம்மா என்றாய்.

வருஷம் முடிகிற சனிக்கிழமை வந்தது. காலையில் கருப்பைக் கழற்றினேன், வெள்ளை உடுத்தினேன். ஒபுவாசியிலிருந்தும் கொனோங்கோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கூடத்து டிவியை முற்றத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள், ஏனென்றால் கேள்வி கேட்பதற்கு முன்னால் உன் அப்பாவின் அடக்கத்தை எடுத்த வீடியோப் படத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று கொனாடு அத்தை விரும்பினாள். அது அவள் ஃபோனில் இருந்தது, அங்கிருந்து டிவிக்கு அனுப்ப வேண்டும். அதில் உன் அப்பா கொஞ்ச நேரமும், சவப்பெட்டிக்கு முன்னால் ஆடுகிற உன் அத்தை மிச்ச நேரமும் வருவார்கள். அவள் அதற்காகப் புதுத் துணி தைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து ஃபோனை அழுத்தினாள். டிவி வரவில்லை. ஃபிரேமா வாங்கி அழுத்தினாள். கொனோங்கோக்காரர் ஒருவர் டிவியை அணைத்துப் போட்டார், இன்னொருவர் அதன் முதுகில் தட்டினார், குழந்தை விக்கினால் தட்டுவது போல. டிவியே காட்டல மாமி, இல்லவே இல்லங்குது என்றாள் ஃபிரேமா. நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு என் ஃபோனை எடுத்தேன். எடுத்ததுமே அது டிவியைக் கண்டுபிடித்துவிட்டது. என்னுதுல வருது அண்ணி, போடட்டுமா என்றேன். அவள் என் ஃபோனைப் பார்த்தாள், தன் ஃபோனைப் பார்த்தாள். என் தம்பி சாவ உன் ஃபோன் வழியாத்தான் நான் பாக்கணுமா பெண்டாட்டி என்றாள். அப்போதே நான் ஃபோனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்க வேண்டும். அதற்குள் ஃபிரேமா, அத்தானையே கேட்டுடுவோம் என்று உன்னைக் கூப்பிட்டு, சத்தத்தைப் பெரிதாக்கி, உன்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

நீ தள்ளுவண்டியோடு கடையில் இருந்தாய், கையில் முட்டைக்கோஸ். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நீ ஹாய்ம்மா என்றாய். சபையில் எந்தப் பேச்சும் நேராகத் தலைவர் காதுக்குப் போகாது, பேச்சுக்காரர் அஜேய் வழியாகத்தான் போகும் என்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய், ஆனால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. அத்தான், எங்கம்மா ஃபோனுக்கு டிவி தெரியலையே என்றாள் ஃபிரேமா. தெரியாது ஃபிரேமா, நீங்க கெஸ்ட்ல இருக்கீங்க, நான்தான் போட்டேன் என்றாய் நீ, சளி மருந்து எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில். அஜேய் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பி, கடல் கடந்த பிள்ளை தன் அத்தைக்கும் அவள் மகளுக்கும் விருந்தாளிக்குரிய தனியிடம் ஒதுக்கிச் சிறப்புச் செய்திருப்பதாகத் தெரிவிக்கிறான் தலைவரே என்றார். தலைவர், எந்த வூட்டுல விருந்தாளி என்றார். அஜேய் நாற்காலி பக்கம் குனிந்து, உன் பாசத்தைக் கேட்டுத் தலைவர் நெகிழ்ந்துவிட்டார் மகனே, அது எந்த வீடு என்றும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்றார். நீ கோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, எந்த வீடா, எங்கப்பா வீடுதான், யாரு உள்ள வராங்க போறாங்கன்னு நாங்கதானே பாத்துக்கணும் என்றாய்.

அஜேய் செய்கிற வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கொலைகாரனின் வாக்குமூலத்தைக் கொடுத்தால் அதைக் கல்யாணப் பத்திரிகையாக மாற்றித் தலைவரிடம் சேர்த்துவிடக்கூடியவர். அவர் மேல்துணியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இத நான் தூக்க மாட்டேன் தலைவரே, அதுவே நடந்து வந்துடுச்சு என்றார். ஹலோ, ஹலோ, கட் ஆயிடுச்சா என்று நீ கேட்டாய். கட் ஆகவில்லை, ஓபெங். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. நீ போட்ட வலை நல்ல வலை.

அதற்குப் பிறகு தலைவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், முறை முறைதானே. கொனாடு, நம்ம பெண்டாட்டி கருப்பக் கழட்டிட்டா, என்ன சொல்ற என்றார். அவள் எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டாள். என்ன ஏன் கேக்கறீங்க, நான் விருந்தாளி, வூட்டுக்காரரு அதோ நாக்காலியில இருக்காரு, கோஸ் வாங்கறாரு, அவரக் கேளுங்க என்றாள். ஒபுவாசிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் விஷயத்தை அப்போதைக்கு ஒத்திவைக்கச் சொன்னார். பிறகு சாப்பாடு போட்டார்கள், வறுத்த மீனும் தக்காளிச் சோறும், பசி குறைந்தவராக ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஜின் பாட்டில் வாங்கிக்கொண்டு, அஜேயைக் கூட்டிக்கொண்டு, நான் பின்னால் நிற்க அவர் எனக்காகப் பேச, முன்னறையிலிருந்து பின்னறைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்கு முன்னால் உன்னிடம் கெஞ்சினேன், நீயே ஒரு வார்த்தை அத்தையிடம் பேசு, நான் பேசினால் அது என் வார்த்தைதான் என்று. நான் என்னம்மா தப்பு பண்ணேன், அது டெக்னிக்கல் விஷயம், ரெண்டு நிமிஷத்துல எல்லாரையும் ஒரே வலையில போட்டுடறேன் என்றாய். போட்டாய். ஃபிரேமாவுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றும் அனுப்பினாய். குலத்தின் மனம் உடைந்தால் கட்டைவிரல் படம் அனுப்பலாம் என்று உனக்கு எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, கட்டணம் நான்தான் கட்டினேன். அன்று மாலை அத்தையின் ஃபோன் டிவியைப் பார்த்துவிட்டது. அவள் தனியாக உட்கார்ந்து முழுச் சத்தத்தில் அடக்கப் படத்தை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என் வாசலுக்கு வந்து, உன் மகன் எனக்கு வழி விட்டுட்டான் பெண்டாட்டி, என் மாமன் கட்டின வூட்டுல எனக்கு வழி விட்டுட்டான், நல்ல புள்ள பெத்திருக்க என்றாள். அஜேய் பேசியதற்கு அவள் சொன்ன பதிலையும் கேட்டுக்கொள். எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல, முன்னறைக்கு வெள்ளையடிக்கணும், ஆளிருந்தா அடிக்க முடியாது என்றாள். ஜின்னை வாங்கி வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முன்னோர்களுக்கு ஊற்றியது அந்தப் பாட்டில்தான்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைப் பற்றி ஒன்றும் பேசப்படவில்லை. பெட்டி எங்கே இருப்பது என்பதுதான் விவாதம். போ என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, இதையும் பதிவு செய்துகொள். இரு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். கம்பி எது எங்கே என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அத்தை அறையில் மாட்டிக்கொடுத்ததும் நான்தான், வெள்ளைத் துணியோடு தரையில் தவழ்ந்து, நீல ஓட்டையில். கடவுச்சொல் கேட்டாள். உன் அப்பாவின் பிறந்த நாளும் வருஷமும் என்றேன். எனக்குத் தெரியாததா, நான் கூடப் பொறந்தவ, அவன் பொறந்தப்ப எங்கம்மாவுக்கு வெந்நி போட்டவ என்று அவளே அடித்தாள். பெட்டி ஏற்கவில்லை. மறுபடி அடித்தாள், ஏற்கவில்லை. பிறகுதான் நான் சொன்னேன், ரயில்வேயில் சேரும்போது அவர் வயதைக் குறைத்துக் கொடுத்த வருஷத்தைத்தான் நீ போட்டிருக்கிறாய் என்று. எங்கம்மா பெத்த வருஷத்தச் சொன்னா தொறக்காது, கவர்மெண்டு பெத்த வருஷத்தச் சொன்னாத்தான் தொறக்குமா என்று கேட்டாள். ஆமாம் அண்ணி என்றேன். என்னை அண்ணின்னு கூப்புடாத, பெட்டியத் தொற என்றாள். திறந்து கொடுத்தேன். அன்று மாலை ஃபிரேமா ஒரு தடவைகூட உறையவில்லை, மூன்று சீலைத் துணி விற்றாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை வண்டி பிடித்து மாம்போங்குக்கு வந்துவிட்டேன். சட்டி பானை, உரல், என் தையல் மெஷின், உன் பள்ளிக்கூடச் சட்டைகள் வைத்த டிரங்குப் பெட்டி எல்லாம் வந்தன. உன் அப்பாவின் படம் வரவில்லை. அது குலத்துப் படம், சுவரிலேயே இருக்கட்டும் என்றார்கள். இது என் தாய்மாமன் கட்டிய வீடு, என் குலத்து வீடு, இங்கே நான் எந்த அறையில் எந்த உரிமையில் இருக்கிறேன் என்று கேட்க ஒருவருக்கும் வாய் கிடையாது. என் தம்பி, உன் சார்போங் மாமா, தமாலே பக்கம் லாரி ஓட்டப் போயிருக்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். அவன் மனைவி அடோமா பிள்ளைகளோடு இங்கேதான் இருக்கிறாள். வண்டி நின்றதும் ஓடிவந்து மூட்டைகளைத் தலையில் வாங்கிக்கொண்டாள், கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், கீரைக் குழம்பு வைத்தாள், உப்பு கொஞ்சம் தூக்கல், சொல்லியிருக்கிறேன். என்ன ஆச்சு அண்ணி என்று அவள் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்ச் சாட்சியம், அதற்குத் தண்டனை உண்டு, நானே பல பேருக்குத் தாக்கீது எழுதியிருக்கிறேன். கோபம் இருக்கிறது. நீ செய்தது தப்பில்லை என்று நீ இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் கோபம். ஃபிரேமா ஃபோனில் கிருமி இருக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். அது டிவிக்கு வந்திருந்தால் டிவி கெட்டுப்போயிருக்கும், வேறொன்று வாங்கியிருப்போம். சில புத்திமதிகள் சொல்கிறேன், இரட்டை வேகத்தில் படிக்காதே. கடையில் வண்டி தள்ளிக்கொண்டு ஃபோன் பேசாதே. யாராவது கூப்பிட்டால் முதலில் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள், பிறகு வாயைத் திற. குளிரில் காலுறை போடாமல் நிற்காதே, உன் அப்பாவுக்கு வந்த நெஞ்சுச்சளி அவரோடு போகட்டும். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, அவளை வீட்டுக்கு அழைத்துவந்தால் எந்த வலையில் போடுகிறாய் என்று முதல் நாளே சொல்லிவிடு, அவளும் ஒரு வருஷம் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டாம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இங்கே மேசைக்கு அடியில் வேலை இல்லாததால் கொஞ்சம் பரவாயில்லை.

உன் அத்தைக்கு நீயே கைப்பட எழுத வேண்டும். என் அறை திரும்பக் கிடைப்பதற்காக எழுதாதே, அங்கே வெள்ளையடித்தாகிவிட்டது, ஃபிரேமா துணிகளை அடுக்கிவிட்டாள். எழுத வேண்டியதால் எழுது. உன் அப்பா எங்கிருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், உன் வழி மழுமழுவென்று இருக்கட்டும், உன் வாயைக் கடவுள் சமயம் பார்த்து மூடிவைக்கட்டும். மறக்காமல் அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று வாங்கிப் போதகர் மனைவி திரும்பும்போது கொடுத்தனுப்பு, நாலு கொம்பு இருக்க வேண்டும். இங்கே கம்பி தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது. என் அறையிலேயே வைத்துக்கொள்கிறேன், எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியும், நீ ஃபோனில் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அகதா பிராகோ,
நீதிமன்றப் பதிவாளர் (ஓய்வு),
மாம்போங்.

பி.கு. பெரிய மூட்டையாக எதுவும் அனுப்பினால் முன்னறை என்று எழுதி அனுப்பு. என் பெண்டாட்டி அடோமா அதை எனக்குக் காலி செய்து கொடுத்துவிட்டாள். அவளும் பிள்ளைகளும் இப்போது பின்பக்கம் கோழிக்கூண்டை ஒட்டிய அறையில் இருக்கிறார்கள். அங்கே சிக்னல் எட்டாது.